எல்லாரும் ஊசி போட்டா போட்டி சமமா?

1/ லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பேச்சை எடுத்தாலே ரசிகர்கள் சொல்றது: "அப்போ எல்லாரும்தானே ஊக்கமருந்து போட்டாங்க, போட்டி சமம்தான்." இல்லைங்க. ஒரு டாக்டரா சொல்றேன், உடம்பு அப்படி வேலை செய்யாது.

2/ ஈபிஓ ஊசி சிவப்பணுக்களைக் கூட்டும், தசைக்குப் போற ஆக்சிஜன் கூடும். 1997-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் வச்ச வரம்பு ஹீமட்டோகிரிட் 50%. இயற்கையா 40 இருக்கிறவர் 10 ஏத்திக்கலாம். 48 இருக்கிறவருக்கு 2தான். மருந்து ஒண்ணு, லாபம் வேற.

3/ "டீம் வியூகம்தான் ஜெயிச்சது"ன்னு அடுத்த வாதம். மலையேற்றத்தில் அவருக்கு முன்னாடி காற்றைத் தாங்கி இழுத்த சக வீரர்கள் பலரும் தாங்களும் மருந்து போட்டதா 2012-ல் ஒத்துக்கிட்டாங்க. வியூகத்துக்கே ஊசி போட்டாச்சு.

4/ "எல்லாரும்" கிடையாது. 1999 டூர் டி பிரான்ஸில் ஊக்கமருந்தைப் பத்தி வெளிப்படையா பேசினவர் கிறிஸ்டோஃப் பாஸோன். ஆம்ஸ்ட்ராங் அவரைக் கிளம்பச் சொன்னார். பாஸோன் பாதியிலேயே விலகினார்.

5/ ரத்தம் கெட்டியானா உறைகட்டி, மாரடைப்பு, பக்கவாதம் வரலாம். அந்த ஆபத்துக்குத் தயாரா இல்லாதவன் வீட்டுக்குப் போகணும்னா, அதுக்குப் பேர் சமமா? 7 பட்டத்தையும் பறிச்சது சரிதான். "எல்லாரும்"னு சொல்றப்போ பாஸோனையும் நினைச்சுக்கோங்க.