ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை நிறுத்தாதீர்கள்



மூன்று மாதம் முன்பு, ஆடுகிற கடைவாய்ப் பல்லோடு மதுரையில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். "ஈறில் எத்தனை நாளாக ரத்தம் வருது சார்?" என்றார். "ஏழெட்டு வருஷமா. அதனால அந்தப் பக்கம் பிரஷ் போடறதில்ல" என்றேன். "அதுதான் சார் தப்பு" என்றார். வகுப்பில் நான் எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை!

அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மெதுவாக விட்டு, ஒரு பல்லுக்கு ஆறு இடம் வீதம் தொட்டுப் பார்த்தார். எனக்கு 25 பல், 150 இடம். அதில் 60 இடத்தில் ரத்தம் கசிந்தது. 40 சதவீதம்! 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் ஈறு நலமாக இருக்கிறது என்று அர்த்தமாம். மார்க் குறைந்தால் பாஸ் என்கிற பரீட்சை இது.

பிரஷ் குத்தித்தான் ரத்தம் வருகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. பல் ஓரத்தில் படியும் அழுக்கில் வளரும் கிருமிகளால் ஈறு வீங்குகிறது. வீங்கிய ஈறு தொட்டாலே கசியும். ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவர் 1965-ல் இதைச் சோதித்துக் காட்டினார். 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் சில நாட்களில் சரியானது.

அவரே 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களையும் கவனித்து வந்தார். பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள். எல்லாருக்கும் ஈறு வீக்கம் இருந்தது. ஆனாலும் 11 சதவீதம் பேருக்கு நோய் அதற்கு மேல் போகவில்லை. 8 சதவீதம் பேருக்கோ வேகமாக முற்றியது. நாம் எந்தக் கணக்கில் வருவோம் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே என் கருத்து இதுதான். ரத்தம் வந்தால் மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தைத்தான் கூடுதல் கவனமாகத் துலக்க வேண்டும். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். "எத்தனை சதவீதம்?" என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். பீடி, சிகரெட் பிடிக்கும் தம்பிகளே, ரத்தம் வரவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். புகை ரத்தக் கசிவைக் குறைத்து நோயை மறைத்துவிடும்.

அந்த ஆடின பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்தாயிற்று. மீதி 24 பல்லில், 144 இடத்தில் இப்போது 18-தான் கசிகிறது. பன்னிரண்டரை சதவீதம். உங்கள் வாத்தியார் இன்னும் பாஸாகவில்லை, படித்துக்கொண்டிருக்கிறேன்.