ஜின்னாவின் கதையை யார் சொல்வது?

மார்ட்டின் விக்கிரமசிங்க 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மடோல் தூவ’ என்னும் சிறுவர் நாவலை அறியாத சிங்கள மாணவனைக் காண்பது அரிது. ஆங்கிலம், உருசியம், யப்பானியம் முதலிய மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது, தமிழிலும் வந்தது. 1976இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைத் திரைப்படமாக்கினார். இத்தனை பேர் விரும்பிய ஒரு நூலைப் பற்றி இத்துணை மேலோட்டமான அபிப்பிராயங்கள் எவ்வாறு நிலைபெற்றன என்பதே எமது வியப்பு. ஆசிரியர் அறைகளிலும் நூலகக் குழுக்களிலும் நாம் கேட்டுவரும் அபிப்பிராயங்கள் சிலவற்றை இங்கே உரசிப் பார்ப்போம்.

கதையை அறியாதார்க்காக ஒரு சுருக்கம். காலம் 1890கள், களம் தென்கரையோரக் கிராமம். தாயை இழந்து, சிற்றன்னையின் பராமரிப்பிலும் கண்டிப்பான தந்தையின் ஆணையிலும் வளர்பவன் உபாலி. அவ்வீட்டில் வேலைக்கு நிற்பவன் ஜின்னா. குறும்பு எல்லை மீறவே இருவரும் ஊரை விட்டு ஓடுகின்றனர். கமக்காரர் ஒருவரிடம் வேலைக்கு அமர்கின்றனர். பின்னர், பேய் உலாவுவதாக ஊரார் அஞ்சும் காடடர்ந்த தீவொன்றிற் குடியேறிக் காடு வெட்டிப் பயிரிடுகின்றனர். இரவில் தோன்றும் பேய் வெளிச்சம், சட்டத்துக்கு அஞ்சி அங்கே ஒளிந்திருக்கும் மனிதன் ஒருவனுடையது என்பது பின்னர் வெளிப்படுகிறது.

‘இதனைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களும் வீட்டை விட்டு ஓடிவிடுவார்கள்’ என்பது நம் சக ஆசிரியர் சிலரின் அச்சம். இதற்கு நீண்ட மறுமொழி வேண்டியதில்லை. இந்நூலை எழுதியவர் பதின்பருவத்திலேயே பள்ளிப் படிப்பை விட்டுக் கொழும்பிற் கடையொன்றிற் கணக்கெழுதச் சென்றவர். பின்னாளில் ‘தினமின’வின் ஆசிரியராக அமர்ந்தவர். தீவகத்துப் பிள்ளைகள் பள்ளியை விட்டு ஓடுவதற்கு நாவல் காரணமன்று. தந்தையின் வலையும், தாயின் அடகுச்சீட்டும், படகு ஓடாத நாள்களுமே காரணம் என்பதை வரவுப் பதிவேட்டைப் புரட்டும் எவரும் அறிவர்.

அடுத்து வருபவர் ஒப்பீட்டு நிபுணர். ‘இது மார்க் டுவெயினின் நகல்’ என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பளித்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றுவிடுவார். ஹக்கிள்பெரி பின்னும் தீவொன்றில் ஒளிகிறான், உபாலியும் தீவொன்றுக்குப் போகிறான், ஆகவே நகலாம்! அப்படியானால் டுவெயினுக்கு முன்னர் 1719இல் ‘ரொபின்சன் குரூசோ’வை எழுதிய டானியல் டீபோவை என்ன செய்வது? அந்த டீபோவுக்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பை இவர்கள் சிந்திப்பதில்லை. 1660இல் கொட்டியாரத்தில் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679இல் மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்த ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். குரூசோவின் தனிமைக்கு அந்நூலும் ஓர் ஊற்று எனக் கருதும் ஆராய்ச்சியாளர் பலர் உளர். யார் யாரிடமிருந்து பெற்றார் என்று இனி வழக்காடிப் பயனென்ன?

ஒப்பிடத்தான் வேண்டுமெனில் உருப்படியாக ஒப்பிடுவோம். குரூசோவின் அருகில் ‘வெள்ளிக்கிழமை’ என்று எசமானாற் பெயரிடப்பட்டவன் நிற்கிறான்; ‘எசமான்’ என்ற சொல்லை அவனுக்கு முதலிற் கற்பித்தவற்றுள் ஒன்றாகக் குரூசோவே பெருமையுடன் கூறுகிறான். ஹக்கின் அருகில் தப்பியோடிய அடிமை ஜிம் நிற்கிறான். உபாலியின் அருகில் ஜின்னா நிற்கிறான். மூன்று நாவல்களிலும் கதை சொல்பவன் ஒருவன். பாரம் சுமக்கும் தோழன் வேறொருவன். நகலென்று கூவியவர்கள் இந்த ஒற்றுமையை மட்டும் காணத் தவறிவிட்டார்கள். தென்னாபிரிக்க எழுத்தாளர் கூட்ஸீ 1986இல் குரூசோவின் கதையை மீண்டும் எழுதியபோது, வெள்ளிக்கிழமையை நாவற்றவனாகவே படைத்துக் காட்டினார். நம் நாட்டு விமரிசகர்கள் ஜின்னாவின் பக்கம் இன்னும் திரும்பவில்லை.

இனி நாம் பெரிதும் எதிர்க்கும் அபிப்பிராயத்துக்கு வருவோம். ‘ஆகா, இயற்கையின் மடியில் இரு சிறுவர்! கள்ளங்கபடமற்ற பருவத்தின் கவிதை!’ இவ்வாறு உருகுவோர் மிகப் பலர். இரு மொழியிலும் உளர். இவர்களுக்குத் தீவு என்பது ஒரு படம். சதுப்புக் காடும் வாவியும் கொக்கும் நாரையும் கண்ணுக்கு விருந்து. அந்தக் காட்டை வெட்டியது யார், வேரைக் கிளப்பியது யார், உள்ளங்கைகள் காய்த்தது யாருக்கு என்ற வினா அவர்களுடைய இரசனைக்கு ஊறு விளைவிக்கும் போலும்.

அந்தக் கொக்கலை வாவியின் வரலாற்றையாவது இவர்கள் நினைவு கூரலாம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை கொக்கலையைக் கைப்பற்றி அங்கே கடல்விமானத் தளம் அமைத்தது. 1942 ஏப்ரல் 4ஆம் நாள் அவ்வாவியிலிருந்து கிளம்பிய விமானமே யப்பானியக் கடற்படை இலங்கையை நெருங்குவதைக் கண்டு அறிவித்தது. தளம் அமைப்பதற்காகக் கொக்கலைக் கிராமத்தவர் தம் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். விக்கிரமசிங்கவின் பிறந்த ஊர் அதுவே. ஊர் கலைந்த சில ஆண்டுகளில் அவர் எழுதிய நூல் இது. ‘கம்பெரலிய’வில் (இதனை எம். எம். உவைஸ் ‘கிராமப் பிறழ்வு’ எனத் தமிழாக்கினார்) நிலவுடைமைக் குடும்பமொன்றின் சரிவை 1944இல் எழுதிய அதே கைதான் மூன்றாண்டு கழித்துக் காடு வெட்டும் இரு சிறுவரை எழுதியது. அதனை வெறும் பிள்ளைப் பருவ ஏக்கமென்று கொள்வது எழுத்தாளனுக்கும் நியாயமன்று, ஊரிழந்த அம்மக்களுக்கும் நியாயமன்று. இன்றோ அவ்வாவியில் உல்லாசப் பயணிகளைப் படகேற்றி ‘இதோ மடோல் தூவ’ என்று காட்டுகிறார்கள். இயற்கை இரசிகர்களின் வாசிப்பு முடிவில் வந்து சேரும் துறைமுகம் அதுதான்.

நம் தீவகத்துப் பிள்ளைகள் இந்நூலை எவ்வாறு வாசிக்கிறார்கள்? வகுப்பில் இதனைச் சத்தமாக வாசித்தபோது நெடுந்தீவைச் சேர்ந்த ஒருவன் முதலிற் கேட்டது, ‘அந்தத் தீவில் நல்ல தண்ணீர் எங்கே?’ என்பதே. அடுத்தவள் கேட்டாள்: ‘தோணி யாருடையது?’ மூன்றாமவன், தகப்பனுடன் நண்டு வலைக்குப் போகிறவன், ‘விளைந்ததை என்ன விலைக்கு எடுத்தார்கள்?’ என்றான். இயற்கையின் மடியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை! சாராப்பிட்டிக் கிணறுகளை நம்பி வாழ்ந்த மக்களின் பிள்ளைகளுக்கு, பவளக் கல்லைச் சாந்தின்றி அடுக்கி வேலி கட்டிய மரபினருக்கு, தீவென்பது படமன்று. அது தண்ணீர், தோணி, விலை என்ற மூன்று கணக்கு. கடல் கொந்தளிக்கும் நாளில் நோயாளியை வைத்துக்கொண்டு இறங்குதுறையிற் காத்து நிற்பவருக்கு அலையின் அழகைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. (நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று பரீட்சைக்கு எழுத வைக்கும் நாமும், அந்நிலத்தில் வலை பொத்தியவன் யாரென்று மாணவரைக் கேட்டதில்லை. அது வேறு கட்டுரைக்குரியது.)

இக்கேள்விகளோடு நான்காவதொன்றையும் நாம் சேர்ப்போம்: அந்தத் தீவு யாருடையது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குச் சொந்தமெனக் கொண்டது. 1897இன் தரிசுநிலச் சட்டம் அதனை மேலும் இறுக்கியது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த குடியானவன் ஒரே நாளில் அத்துமீறியவன் ஆனான். வெட்டப்பட்ட காடுகள் தோட்டத் துரைமாருக்குக் கிடைத்தன. நாவலின் காலம் சரியாக இதுவே. சட்டத்துக்கு அஞ்சியவன் பேயாக உலாவும் தீவில் இரு சிறுவர் மண்வெட்டியுடன் இறங்குவது வெறும் வீரசாகசமா? நாட்டின் நிலப் பிரச்சினை முழுவதும் அந்தச் சதுப்பிலே கால் புதைத்து நிற்கிறது.

நூலை நாம் அப்படியே ஏற்றுத் தலையில் வைத்துக் கொண்டாடவுமில்லை. உபாலி தந்தையின் வீட்டை விட்டு ஓடினான். ஜின்னாவோ தன் எசமான் வீட்டை விட்டு எசமானின் மகனோடு ஓடினான். இரண்டும் ஒரே ஓட்டமல்ல. தீவில் இருவரும் தோளோடு தோள் நின்று உழைக்கின்றனர், உண்மை. நட்பு மெய்யானது, அதுவும் உண்மை. ஆயினும் ‘நான்’ என்று கதை சொல்லும் உரிமை உபாலிக்கே வாய்த்தது. திரும்பிச் செல்ல உபாலிக்கு ஒரு குடும்பமும் ஊரிற் பெயரும் உண்டு. ஜின்னாவுக்கு உள்ளது உபாலி மட்டுமே. மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதன’த்தில், பொருளியலாளர் குரூசோக் கதையில் மயங்குவதை எள்ளியபோது, உடைந்த கப்பலிலிருந்து பேரேட்டையும் பேனாவையும் மையையும் மீட்டுக் குரூசோ கணக்கெழுதத் தொடங்கியதைச் சுட்டிக் காட்டினார். பேரேடு யார் கையில் இருக்கிறதோ அவனுக்கே கதையும் சொந்தமாகிறது. ஜின்னாவின் கையில் மண்வெட்டிதான் இருந்தது.

இறுதியாக, நம்மவர் சிலர் தாழ்ந்த குரலிற் சொல்வது: ‘அது அவர்களுடைய புத்தகம், நமக்கெதற்கு?’ இதனைக் கோபத்தால் மட்டும் தள்ளிவிட முடியாது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட ‘குமுதினி’ப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டுப் பயணிகள் பலர், பெண்களும் குழந்தைகளுமாக, வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990இலும் 1991இலும் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்கள் வீட்டைப் பூட்டக்கூட அவகாசமின்றிக் குடாநாட்டுக்கு ஓடினர். இன்றும் கூரையற்ற கல்வீடுகளினூடே ஆலமரம் வளர்ந்து நிற்கிறது. உரியவர்கள் பாரிசிலும் தொரன்ரோவிலும் முதுமை அடைகிறார்கள். இவற்றை அறிந்தவரின் வாயிலிருந்து ‘அவர்களுடைய’ என்ற சொல் வருவதை நாம் விளங்கிக்கொள்கிறோம்.

விளங்கிக்கொண்டும் மறுக்கிறோம். ஊரை விட்டு எழுப்பப்பட்ட கொக்கலையான் ‘அவர்’ என்றால், ஊரை விட்டு எழுப்பப்பட்ட புங்குடுதீவான் யார்? குறிகட்டுவான் துறையில் ஒவ்வொரு விடுமுறையும் தெற்கிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் நயினாதீவு விகாரைக்குப் படகேறுகிறார்கள். அதே படகில் அம்மன் கோயிலுக்குச் செல்லும் நம் பிள்ளைகளும் நெருங்கி அமர்ந்திருக்கிறார்கள். முன்னவர்க்குத் தீவென்றால் மடோல் தூவ. நம் தீவுகளில் மனிதர் வாழ்ந்து உழைத்துப் பிரிந்த கதை எதையும் அவர்கள் வாசித்ததில்லை. நம்மவர்க்கோ அவர்களின் மடோல் தூவவும் இல்லை, தம் தீவைப் பற்றிய சாகச நாவலும் இல்லை. ஆங்கிலச் சிறுவர் விடுமுறைக்குச் சென்று கள்ளக்கடத்தற்காரரைப் பிடிக்கும் தீவுகளே உண்டு. ‘அவர்களுடைய புத்தகம்’ என்பவர் நம் பிள்ளைக்கு நம் புத்தகத்தையாவது எழுதிக் கொடுத்தாரா?

எட்டாம் வகுப்பில் ‘ஜின்னா எழுதிய மடோல் தூவ’ என்ற தலைப்பைக் கொடுத்தோம். பெரும்பாலோர் சுருக்கம் எழுதினர். ஆறேழு பேர் மட்டும் உள்ளே புகுந்தனர். ஒரு பெண்பிள்ளை காடு வெட்டிய நாள்களை எண்ணி, இருவருக்கும் சமமாகப் பங்கிட்டு, தோணிக் கூலியையும் கழித்துவிட்டுத்தான் கதையையே தொடங்கியிருந்தாள்.

வேறு பள்ளிகளிலும் இதனைச் செய்து பார்க்கலாம். தடை சிறியது: தீவகப் பள்ளியொன்றின் நூலகத்தில் இந்நூலின் தமிழ்ப் பிரதி ஒன்றே ஒன்று உண்டு, அது கண்ணாடி அலுமாரிக்குள் ‘இரவல் கொடுக்கலாகாது’ என்ற சீட்டுடன் இருக்கிறது. நூற்கொள்வனவுக் குழுவில் அமர்ந்திருக்கும் ஆசிரிய நண்பர்கள் அடுத்த பட்டியலில் இதற்குப் பத்துப் பிரதிகளைச் சேர்ப்பார்களாக. அதுவரையில் அந்த அலுமாரியின் திறப்பை யாரேனும் தேடி எடுப்பார்களாக.