பெஞ்சுக்குப் போன கேப்டன்

எங்கள் முதலிபாளையம் சிட்கோ பக்கம் பனியன் கம்பெனிகளில் ஒரு தண்டனை உண்டு. அதற்குப் பெயர் பிரமோஷன். ஓவர்லாக் மெஷினில் பிசிறில்லாமல் ஓட்டுகிற டெய்லராகப் பார்த்து, "நாளையிலிருந்து நீதாம்ப்பா சூப்பர்வைசர்" என்பார்கள். பீஸ் ரேட் போச்சு. அதைவிட, கைவேலை போச்சு. வேறொருத்தர் கோணலாகத் தைப்பதை வெறுங்கையோடு நின்று பார்க்க வேண்டும். ஷிப்மென்ட் லேட்டானால் திட்டு மட்டும் இவருக்கு!

இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாசுதேவன் பாஸ்கரன் ஞாபகம் வரும். யாரென்று தெரியுமா என டீக்கடையில் கேட்டேன். "சீரியல்ல வர்றவருங்களா?" என்றார் ஒரு அண்ணா. சரிதான், போங்க!

1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸில் ஹாக்கித் தங்கம் வாங்கிய இந்திய அணியின் கேப்டன், ஸார். நம்ம தமிழ்நாட்டுக்காரர். அமெரிக்கா கிளப்பிய பகிஷ்காரத்தால் பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, ஹாலந்து யாரும் வரவில்லை. ஆறே டீம். 'ஆளில்லாத ஊரில் அடித்த கோல்' என்று முணுமுணுக்கிறவர்கள் ஃபைனலை மறந்துவிடுகிறார்கள். ஸ்பெயினை 3-0 என்று நாம் முந்திப் போக, அவர்கள் விடாமல் துரத்தி 4-3 வரைக்கும் வந்துவிட்டார்கள். வயிற்றில் புளி கரைக்கிற நேரம். ஆனாலும் கேப்டன் களத்தில் இருந்தார், மட்டை கையில் இருந்தது. ஜெயித்தார்கள். ஹாக்கியில் நமக்கு அது எட்டாவது தங்கம். ஒன்பதாவது இன்னும் வரவில்லை.

இருபது வருஷம் கழித்து, 2000 சிட்னி. இப்போது பாஸ்கரன் கோச். கடைசி லீக் மேட்ச் போலந்தோடு. ஜெயித்தால் செமி ஃபைனல். தன்ராஜ் பிள்ளை கோல் போட்டு 1-0. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்துத்தானா போலந்துக்காரன் திருப்பிப் போட வேண்டும்? 1-1. செமி ஃபைனல் போச்சு, கடைசியில் ஏழாவது இடம்.

ஹாக்கியில் ஆளை மாற்றி மாற்றி இறக்கலாம். ஆனால் கோச் தன்னையே இறக்கிக்கொள்ள முடியாதே! ஃபைனலில் ஜெயித்த மனுஷன் பெஞ்சில் உட்கார்ந்து அந்த இரண்டு நிமிஷத்தைப் பார்த்திருக்கிறார். நானாக இருந்தால் அதோடு கும்பிடு போட்டிருப்பேன். அவர் 2006 உலகக் கோப்பைக்கு மறுபடி கோச்சாக ஜெர்மனி போனார். பன்னிரண்டு டீமில் நமக்குப் பதினோராவது இடம். பிறகென்ன, அடுத்த வருஷம் வேறு கோச்.

2021-ல் டோக்கியோவில் வெண்கலம் வந்தது, 41 வருஷத்துக்குப் பிறகு ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம். கோச் கிரஹாம் ரீட், ஆஸ்திரேலியாக்காரர். அவரும் 1992 பார்சிலோனாவில் வெள்ளி வாங்கிய ஆட்டக்காரர்தான். அந்த டீமுக்குக் கோச் யாருங்க என்று அதே டீக்கடை அண்ணாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"தோத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்க."