விற்காத சரக்குக்குக் காவல்

ஜப்பானிய நிண்டெண்டோ கம்பெனி 2001-ஆம் ஆண்டில் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’ என்ற சண்டை ஆட்டத்தை வெளியிட்டது. கேம்கியூப் என்ற பெட்டியை டெலிவிஷனில் மாட்டி, வீட்டில் உட்கார்ந்து ஆட வேண்டியது அது. பெட்டியின் உற்பத்தி 2007-இல் நின்றது. ஆட்டமோ நிற்கவில்லை. 2022-இல் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் என்னும் கைக்கருவியின் ஏழு அங்குலத் திரையில், ரயில் பெட்டியில் சாய்ந்தபடி இன்று அதே சண்டையைப் போட முடிகிறது. இதற்கு வழி செய்தவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்ல, ரசிகர்கள்.

டால்பின் என்ற புரோகிராம் புதிய கருவியைப் பழைய கேம்கியூப் போல் நடந்துகொள்ளச் செய்கிறது. அதன்மேல் ஏறிய ஸ்லிப்பி என்ற திருத்தம், தொலைவிலிருக்கும் எதிரியோடு மோத வைக்கிறது. மெலீயில் விநாடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. இரண்டொரு படம் பிந்தினாலும் அடி தவறிப்போகும். முன்பெல்லாம் எதிரி அழுத்திய பொத்தானின் செய்தி வந்து சேரும்வரை ஆட்டம் காத்திருந்தது. 2020-இல் ஸ்லிப்பியில் சேர்ந்த புது முறை காத்திருப்பதில்லை. எதிரி என்ன செய்வார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டுகிறது. ஊகம் பொய்த்தால் சில படங்கள் பின்னுக்குப் போய், நடந்ததைத் திருத்திக்கொண்டு, கண் இமைக்குமுன் திரும்பிவிடுகிறது. கெட்டிக்காரத்தனந்தான்!

கொரோனா உலகை வீட்டுக்குள் அடைத்த ஆண்டும் அதுவே. அமெரிக்காவில் ‘பிக் ஹவுஸ்’ என்ற பந்தயத்தை நேரில் நடத்த வழியின்றி, ஸ்லிப்பி மூலம் நடத்த ஏற்பாடு செய்தார்கள். நவம்பரில் கம்பெனியின் நோட்டீஸ் வந்தது, பந்தயம் ரத்தாயிற்று. சட்டவிரோதப் பிரதிகளைக் கொண்டு ஆடப்போகிறார்கள் என்பது கம்பெனி சொன்ன காரணம். பிறகு 2023-இல் வெளியான விதிகள், ரசிகர் பந்தயங்களில் நேரில் 200 பேர், இணையத்தில் 300 பேர் என்று வரம்பு கட்டின. திருத்திய ஆட்டங்களுக்கு இடமே இல்லை என்றன.

கம்பெனிக்கு உரிமை உண்டு; அதை மறுப்பதற்கில்லை. திருட்டுப் பிரதி திருட்டுத்தான். ஆனால் சொந்தக் காசில் வாங்கிய தட்டிலிருந்து பிரதி எடுத்தவனையும், எங்கிருந்தோ சும்மா இறக்கிக்கொண்டவனையும் ஒரே கூண்டில் நிறுத்துவது என்ன நியாயம்? நேர்மையாக வாங்க நினைப்பவனுக்கும் பழைய தட்டுதான் கதி. அந்தப் பணத்தில் கம்பெனிக்கு ஒரு காசும் சேராது. கடையில் வைக்காத சரக்குக்கு இத்தனை காவல் எதற்கு?

2025 ஜூனில் ஸ்விட்ச் 2 கருவியோடு கேம்கியூப் ஆட்டங்களைச் சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்டது கம்பெனி. முதலில் வந்த மூன்றில் ‘சோல்காலிபர் 2’ என்ற சண்டை ஆட்டம் இருந்தது, மெலீ இல்லை. மெலீயையும் கொடுத்து, ஸ்லிப்பியைப் போன்ற முறையைத் தானே சேர்த்துக் கொடுத்தால், ரசிகர்கள் இலவசமாகச் செய்யும் வேலைக்குக் கம்பெனி தாராளமாக விலை கேட்கலாம். அதுவரையிலாவது, ஆட்டத்தை உயிரோடு வைத்திருப்பவர்களின் பந்தயங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பாமல் இருக்கட்டும்.