பருந்தின் வீழ்வாகப் படிப்போர்க்கு எழுதுவோம்

தமிழில் அறிவியல் சொல்ல இயலுமா என்று வினவிய காலம் கழிந்துவிட்டது. இயலும் என்பதை நூல்கள் பல காட்டிவிட்டன. ஆயினும், உழவர் ஒருவர் விலைகொடுத்து வாங்கும் நீர் எக்கியோடு வரும் கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆங்கிலம் இருக்கும், தமிழ் இராது. இருப்பினும், அஃது இறுதிப் பக்கங்களில் ஒதுங்கி நின்று, முன்பு விற்ற வேறொரு பொறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். இதனைத் தமிழ்ப்பகை என்று சொல்லிச் சினந்தெழுவது நமக்கு எளிது. யானும் அவ்வாறு சினந்தவனே. அண்மையில் பெற்ற ஒரு பட்டறிவு அச்சினத்தைத் தணிக்கவில்லை. ஆனால், அது செல்ல வேண்டிய வழியை மாற்றிற்று.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் எக்கி செய்யும் தொழிலகம் ஒன்றில் பணிபுரிகிறார். மூவகை எக்கிகளுக்குரிய மூன்று தமிழ்க் கையேடுகளைக் கொணர்ந்து, மொழியைத் திருத்தித் தருமாறு வேண்டினார். உறிஞ்சுகுழாயின் அடியில் பொருத்தி, பொறி நின்றபின் குழாய்நீர் கிணற்றுக்குத் திரும்பிவிடாமல் தடுக்கும் உறுப்பொன்று உண்டு. உழவர் அதனைப் 'புட்வால்வு' என்பர். அதற்கு ஒரு கையேட்டில் 'கால் அடைப்பிதழ்' என்று பெயர். மற்றொன்றில் 'அடித் தடுக்கிதழ்'. மூன்றாவதில் 'பாத வால்வு'. யான் மூன்றையும் அடித்துவிட்டு, 'அடியிதழ்' என்று பெருமிதத்தோடு எழுதினேன். மாணவர் பணிவாகச் சொன்னார்: "ஐயா, மூன்றாக இருந்தது இப்பொழுது நான்காயிற்று."

அதனினும் கொடியது ஒன்றும் அவற்றில் இருந்தது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே மூடியைத் திறக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை, இரு கையேடுகளில் செய்முறைக்கு முன்னே நின்றது. மூன்றாவதிலோ, மூடியைத் திறந்து வேலையெல்லாம் முடித்தபின் இறுதியில் வந்தது! வரிசைப்படி செய்பவர் அவ்வெச்சரிக்கையைப் படிக்க உயிரோடு இருத்தல் வேண்டுமே! எவரும் வேண்டுமென்று செய்த பிழையன்று இது. புதுப்பொறி வரும்தோறும் பழைய ஆங்கிலக் கையேட்டைப் படியெடுத்து, ஆங்காங்கே மாற்றி, அவ்வப்போது கிடைத்த ஒருவரைக் கொண்டு முழுவதையும் மொழிபெயர்த்ததன் விளைவு.

இந்நோய்க்கு மருந்து உண்டு. கையேட்டை முதல் முதல் இறுதி வரை ஓடும் ஒரே நூலாக எழுதாமல், ஒரு செய்திக்கு ஒரு துண்டாக எழுதிச் சேமிப்பது அது. துண்டுகள் மூவகைப்படும். அடிப்பகுதி இதழ் என்ன செய்கிறது, ஏன் வேண்டும் என்பது விளக்கத் துண்டு. எக்கியில் முதல்நீர் நிரப்பி ஓட்டத் தொடங்குவது எப்படி என்பது செய்முறைத் துண்டு. குழாயின் அகலம், மின்னழுத்தம், பொறியின் ஆற்றல் ஆகியவற்றின் பட்டியல் தரவுத் துண்டு. ஒன்றில் மற்றொன்றைக் கலத்தல் ஆகாது. எந்தப் பொறிக்கு எந்தெந்தத் துண்டுகள், எவ்வரிசையில் என்பதை ஒரு கோவைப்பட்டியல் சொல்லும். மின்துண்டிப்பு எச்சரிக்கை ஒரே ஓரிடத்தில் எழுதப்பெறும்; வேண்டிய கையேடெல்லாம் அதனையே அழைத்துக்கொள்ளும். அங்குத் திருத்தினால் எங்கும் திருந்தும்.

இது வெறுங்கனவன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் கையேடுகளுக்கென வகுத்து 2001இல் வெளியிட்ட 'திட்டா' என்னும் முறை, 2004இல் ஓயாசிசு என்னும் பொதுத்தர அமைப்பினிடம் ஒப்படைக்கப்பெற்று, 2005இல் பொதுத்தரமாக ஏற்கப்பெற்றது. அப்பெயரின் முதலெழுத்து உயிர்நூலறிஞர் தார்வினைக் குறிப்பது. பொதுவகைத் துண்டின் இயல்புகளை அதிலிருந்து கிளைக்கும் சிறப்புவகைத் துண்டு மரபுரிமையாகப் பெறுதலின் அப்பெயர் இட்டனர். ஐரோப்பிய வானூர்தித் தொழிலினரோ 1980களிலேயே இதனையொத்த வேறொரு தரத்தை வகுக்கத் தொடங்கினர்.

தமிழுக்கு இதனால் என்ன பயன்? ஒரு கையேட்டில் அறுபது துண்டுகள் உள்ளன என்று கொள்வோம். பொறியில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. நான்கு துண்டுகளே மாறுகின்றன. பழைய முறையில், மாறிய இடம் எது என்று அறியாமல் முழுக் கையேட்டையும் மீண்டும் மொழிபெயர்க்கவோ ஒப்பிடவோ வேண்டும். அச்செலவுக்கு அஞ்சும் தொழிலகத்தார் முதலில் கைவிடுவது தமிழைத்தான். துண்டுமுறையில் நான்கை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். தமிழ்க் கையேடு இல்லாமைக்குப் பகை ஒரு கரணியமாயின், செலவு மற்றொரு கரணியம். பகையை முழக்கத்தால் எதிர்க்கலாம். செலவை ஒழுங்கினால்தான் வெல்ல முடியும்.

இவ்விடத்தில் நம்மவருள் ஒருவர், "இஃதெல்லாம் நம் முன்னோர் அறிந்ததே" என்பார். ஓரளவு உண்மைதான். நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலையும், மாறுகொளக் கூறலையும், மற்றொன்று விரித்தலையும் நன்னூல் எண்ணியுள்ளது. என் மாணவர் கொணர்ந்த கையேடுகளில் அம்மூன்றும் இருந்தன. ஆனால், நேர்மையாக ஒன்று சொல்வேன். உரைத்தும் என்றலும் உரைத்தாம் என்றலும் நம் நூல்களுக்கு உத்திகள். முன்னும் பின்னும் வரிசையாகக் கற்பவர்க்கே அவை பொருந்தும். துண்டுமுறையில் 'மேலே சொன்னவாறு' என்று எழுதவே கூடாது. அந்த 'மேல்' வேறொரு கையேட்டில் இல்லாமற் போகலாம். நூற்பாக்களின் நிலை நான்கனுள் ஒன்றாகப் பருந்தின் வீழ்வைச் சொல்வர். எக்கி நின்று பயிர் வாடும் போழ்தில் கையேட்டைத் திறக்கும் உழவரும் பருந்தே. வேண்டிய ஒன்றின்மேல் பாய்ந்து, கவர்ந்துகொண்டு, மீள்வார். அவர்க்கு எழுதும் கலையை நாம் புதிதாகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். முன்னோர் பெருமை அதற்கு ஊக்கமாகட்டும், ஈடாகிவிட வேண்டா.

'சிறு பட்டறைக்கு இது மிகை' என்பாரும் உளர். நான்கு பக்கக் கையேடு ஒன்று மட்டும் உடையவர்க்கு அது மிகைதான். வகை பலவும் மொழி பலவும் உடையவர்க்கு அன்று. தொடங்குவதற்கு விலையுயர்ந்த மென்பொருளும் வேண்டா. ஒரு துண்டுக்கு ஒரு தாள், ஒரு தாளுக்கு ஒரு தலைப்பு என்னும் கட்டுப்பாடே முதல் வேலை. துண்டு துண்டாக எழுதினால் நடையழகு கெடும் என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல்: மின்னதிர்ச்சியினின்று காக்கும் தொடருக்கு அழகு, ஐயத்திற்கு இடமில்லாமையே.

இனி, நம்மை நோக்கி ஒரு வினா. துண்டுகள் எக்கையேட்டிலும் சென்று பொருந்த வேண்டுமாயின், ஓர் உறுப்புக்கு எங்கும் ஒரே பெயர் இருத்தல் வேண்டும். நாமோ ஒரு பொருளுக்கு ஐந்து சொல் படைத்து, ஐந்தும் தூயதமிழ் என்று மகிழ்கிறோம். அவரவர் சொல்லே சிறந்ததென்று வழக்காடுகிறோம். பாட்டில் அது வளம். பொறிக்கையேட்டில் அஃது ஏதம். சொல்லாக்கத்திற்கு அறிவு வேண்டும். பிறர் ஆக்கிய சொல்லை ஏற்பதற்கோ அறிவோடு பெருந்தன்மையும் வேண்டும்.

யான் என் 'அடியிதழை' விலக்கிக்கொண்டேன். தொழிலகத்தார் மூவரும், எக்கி பழுதுபார்ப்பவர் இருவரும், யானும் கூடி அமர்ந்து, 'அடித் தடுக்கிதழ்' என்பதையே உறுதி செய்தோம். முதல்முறை வருமிடத்தில் உழவர் வழங்கும் பெயரும் அதனருகே நிற்கும். பழுதுபார்ப்பவர் ஒருவர், "இந்தப் பெயர் அது செய்யும் வேலையைச் சொல்கிறது, ஐயா" என்றார். என் சொல் அதனைச் சொல்லவில்லை என்பதை அப்பொழுதே உணர்ந்தேன்.

தமிழன்பர்களே! உங்கள் ஊர்த் தொழிலகத்திற்குச் செல்லுங்கள். தமிழில் கையேடு கேளுங்கள்; கேட்பதோடு நில்லாமல், ஒரு துண்டேனும் எழுதிக் கொடுங்கள். எழுதியதைப் பொறியை ஓட்டுபவர் கையில் தந்து, அவர் செய்வதைப் பாருங்கள். அவர் தடுமாறும் இடம் நம் பிழை. அதனைத் திருத்துவதும் தமிழ்த்தொண்டே.