தெருக் காவலின் எல்லை

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்றொரு வரி காணப்படுகிறது. ஊர்க் காவலுக்கு ஊராரே பொருள் தந்தமைக்கு அது சான்று. பிற்காலத்தில் தலையாரியும் கிராம முன்சீப்பும் அப்பணியை ஏற்றனர். களவோ கொலையோ நேர்ந்தால் காவல் நிலையத்துக்குச் செய்தி விடுப்பது முன்சீப்பின் கடமை. ஊரின் கண்ணை ஒரு குடும்பத்தின் சொத்தாக்கி வைத்திருந்த அந்தப் பரம்பரைப் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது, ஒழிந்ததும் நன்றே. கடமை மட்டும் ஒழியவில்லை. கொலை, கொள்ளை முதலிய கொடுங்குற்றங்களை அறிந்தவர் எவராயினும் காவலர்க்கோ நடுவர்க்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2024 சூலை முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவும் விதிக்கிறது.

கடலூர் மாவட்டத்துக்கு இக்கடமை பொருந்துவது போல் வேறெங்கும் பொருந்தாது எனலாம். வடக்கே புதுச்சேரி எல்லை. அவ்வழியே வரும் மதுக் கடத்தல் ஓயாத தலைவலி. கிழக்கே கடல். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் தேருக்கும் சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் திரளும் கூட்டத்தில் கழுத்துச் சங்கிலியைக் காப்பது அவரவர் பொறுப்பாகிவிடுகிறது. ஆகவே, தெருவார் கூடிப் பொதுவில் கண்காணிப்புக் கேமரா பொருத்துவதையும், பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் காவலாய் இருப்பதையும் நாம் உளமார வரவேற்கிறோம்.

வரவேற்கும்போதே ஓர் ஆண்டை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில், அங்குக் காவல் கண்காணிப்பாளராய் இருந்த பிரதீப் பிலிப், பொதுமக்களைக் காவல்துறையின் நண்பர்களாக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். அதே 1993-இல் நம் மாவட்டத்தின் கம்மாபுரம் காவல் நிலையத்தில், விருத்தாசலத்தை அடுத்த முதனையின் இராசாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். நகைத் திருட்டு என்பது குற்றச்சாட்டு; குறவர் குடியில் பிறந்தவர் என்பதே சந்தேகத்துக்குப் போதுமானதாயிற்று. பிறப்பைக் கொண்டே குற்றவாளி என முத்திரையிட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1952-இல் நாடெங்கும் நீங்கியது, மனத்திலிருந்து நீங்கவில்லை. இராசாக்கண்ணு தப்பியோடிவிட்டார் என்று நிலையம் சாதித்தது. அவர் மனைவி தளரவில்லை. ஊரின் இடதுசாரித் தொண்டர்கள் துணை நின்றனர். வழக்கறிஞராய் இருந்த கே. சந்துரு உயர்நீதிமன்றத்தில் வாதாடினார். காவலர்கள் குற்றவாளிகள் என்ற தீர்ப்பு 2006-இல் வந்தது. அண்டை அயலார் ஒன்றுபட்டு ஒரு குற்றத்தை வெளிக்கொணர்ந்ததற்கு இம்மாவட்டம் காட்டக்கூடிய ஆகப் பெரிய சான்று இதுவே என்போம். அந்தக் குற்றம் நடந்த இடம் காவல் நிலையம் என்பதால் அந்தச் சான்றின் பெருமை குன்றாது, கூடும்.

இராமநாதபுரத்தில் தொடங்கிய இயக்கம் என்னவாயிற்று? நல்ல நோக்கில் பிறந்தது, மாநிலமெங்கும் பரவியது. சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் 2020 சூனில் காவலில் மாண்டபோது அதன் தொண்டர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே அரசு அதைத் தடை செய்தது. பார்க்கவும் சொல்லவும் வந்தவர் கையில் தடியைக் கொடுத்தால் முடிவு அப்படித்தான் இருக்கும்.

கைப்பேசிக் குழுக்களோ இன்னும் விரைவானவை. 2018 மே மாதத்தில் குழந்தை கடத்துவோர் வருகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்ஆப்பில் பரவ, திருவண்ணாமலை மாவட்டத்தின் அத்திமூரில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்தே கொன்றனர். அவர் வந்தது குலதெய்வக் கோயிலுக்கு. அயலார் என்பது குற்றமன்று. பழைய இரும்பு வாங்குபவரையும் குடுகுடுப்பைக்காரரையும் வடநாட்டுக் கூலியாளையும் படம் பிடித்துக் குழுவில் ஏற்றுவது காவலாகாது. செயலைக் கண்டால் சொல்லுங்கள். சாதியையும் முகத்தையும் கண்டு சொல்லாதீர்கள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதன் விலையையும் கண்டோம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 சூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அது விற்கப்பட்டது காட்டிலன்று, ஊர் நடுவே. தெரு அறிந்த ஒன்று நிலையத்துக்கு எட்டவில்லை என்று எவரும் நம்பமாட்டார். சொன்னவன் பெயர் மாலைக்குள் சாராய வியாபாரியின் காதுக்குப் போய்விடும் என்ற அச்சமே இத்தகைய ஊர்களின் வாயை அடைக்கிறது. இத்தனைக்கும், தகவல் யாரிடமிருந்து கிடைத்தது என்று கூறும்படி காவலரை நீதிமன்றமும் வற்புறுத்த முடியாது என 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே எழுதப்பட்டது; புதிய சட்டமும் அதைத் தொடர்கிறது. நீதிபதிக்குச் சொல்ல வேண்டாத பெயர் வியாபாரிக்குப் போவது எப்படி? இக்கேள்விக்கு மாவட்டக் காவல் நிர்வாகம் விடை தரட்டும். தெருக் குழுக்கள் பிறகு தாமே தழைக்கும்.

வாசகர்க்கு ஒரு சொல். புகாரை எந்த நிலையத்திலும் அளிக்கலாம். எல்லை வேறு என்று திருப்பியனுப்ப இயலாது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார் அளித்தவரின் உரிமை. தனியே போகாதீர்கள், பக்கத்து வீட்டாரையும் அழைத்துச் சென்று, அந்த நகலைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.