கப்பல் வந்தது, சரக்கு கரை சேரவில்லை

கிண்ணியாப் பாலம் 2009 ஆம் ஆண்டு திறக்கப்படும் வரை, திருகோணமலை நகரிலிருந்து கிண்ணியாவுக்குத் தரைவழியாகப் போகிற எவரும் துறையடியில் 'பாதை'க்காகக் காத்து நின்றே ஆகவேண்டும். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் தெரு அன்று. பஸ்ஸையும் லொறியையும் ஆட்களையும் ஆடுமாடுகளையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவை. இக்கரையில் அரிசி மூட்டை மலையாகக் குவிந்திருந்தாலும் பாதை ஓடாத நாளில் அக்கரையில் அடுப்பெரியாது. இது மூதூர், கிண்ணியா மக்களுக்குப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டிய விடயமன்று. நம்முடைய கணனி வல்லுநர்களுக்குத்தான் இன்னும் விளங்கவில்லை.

அண்மையில் ஒரு கூட்டத்தில், வரைபடம் வரையும் திறந்த மூல மென்பொருள்களைப் பற்றி ஒரு நண்பர் விரிவாகப் பேசினார். நல்ல பேச்சு. முடிவில் நான் ஒரு கேள்வி கேட்டேன்: "இவற்றை வெருகலில் உள்ள ஓர் அலுவலர் எப்படிப் பெறுவார்?" நண்பர் சிரித்தார். "இலவசம்தானே ஐயா, யாரும் பதிவிறக்கிக் கொள்ளலாமே!" என்றார். மண்டபத்திலும் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2005 ஜனவரியில், ஆழிப்பேரலை அடித்து இரண்டு வாரங்கள் கழிந்த நிலையில், திருகோணமலையில் ஒரு நிவாரண அலுவலகத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். சுவரில் மண்ணிறத் தாள்கள் நான்கை ஒட்டி, தடித்த பேனாவால் ஒரு படம் வரைந்திருந்தார்கள். கடல் ஒரு கோடு. கிண்ணியா ஒரு வட்டம். மூதூர் இன்னொரு வட்டம். எந்த வீதி அறுந்தது, எந்தப் பாடசாலையில் எத்தனை குடும்பம் என்பதெல்லாம் அதன்மேல் ஒட்டிய துண்டுக் கடதாசிகளில் இருந்தன. மின்விசிறி சுழன்றபோது இரண்டு கடதாசிகள் பறந்து விழுந்தன. அவற்றை எடுத்து ஒட்டிய பையன் சரியான இடத்தில்தான் ஒட்டினானா என்று எவரும் பார்க்கவில்லை. நானுந்தான் பார்க்கவில்லை.

அதே நாட்களில் கொழும்பில் தன்னார்வலர் குழுவொன்று இரவுபகலாக இருந்து 'சஹானா' என்ற மென்பொருளை எழுதியது. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற பதிவு எல்லாம் அதில் உண்டு. மூலநிரலை யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். அது 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்குப் போயிற்று. 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவுக்கும் போயிற்று. 2010 இல் ஹெயிட்டி வரை போயிற்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மைக்கான 2006 ஆம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது. இலங்கையர் அனைவரும் பெருமைப்படத்தக்க சாதனை, ஐயமில்லை. ஆனால் நான் ஏறி இறங்கிய கீழ்மாகாண அலுவலகம் எதிலும் அதை இயங்கக் கண்டதில்லை. எழுதியவர்களை நான் குறை கூறவில்லை. அவர்கள் கப்பலைக் கட்டினார்கள். கரைக்குக் கொண்டுவரும் வள்ளத்தை அமர்த்துவது எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் இன்னோர் அலுவலகத்தில் வேறொன்றைக் கண்டேன். பெயர் வேண்டாம். இரும்பு அலுமாரியின் அடித்தட்டில் இறுவட்டுப் பெட்டியொன்று பிரிக்கப்படாமலே இருந்தது. உள்ளே வரைபட மென்பொருள். தந்தவர்களும் போய்விட்டார்கள், திட்டமும் முடிந்துவிட்டது. ஒன்றை வாங்கிவந்து வீட்டுக் கணனியில் போட்டுப் பார்த்தேன். கையேடு முழுக்க ஆங்கிலம். மாதிரிப் படமாக அமெரிக்காவில் ஏதோ ஒரு மாவட்டம். எங்கள் மாவட்டத்தைத் தேடினால் நீலக் கடலும் வெறும் வெள்ளைத் தரையும். அதில் "கொட்டியாரம்" என்று தட்டச்சிட்டேன். கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாக எழுத்து சிதறி விழுந்தது. அந்தப் பெட்டியை ஏன் எவரும் பிரிக்கவில்லை என்பது விளங்கியது.

பொதி கட்டுதல் என்பது இறுவட்டில் கோப்புகளைக் கொட்டுவதன்று. கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2002 இல் கேரி ஷெர்மன் என்ற தனிமனிதர் தொடங்கியது; இன்று உலகெங்கும் அரசாங்கங்களே பயன்படுத்துகின்றன. அது தனியே இயங்காது. பலவகைக் கோப்புகளைப் படிக்க 'ஜிடால்' என்ற நிரற்தொகுதி வேண்டும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளாக்க 'புரோஜ்' வேண்டும். இவை ஒவ்வொன்றும் தத்தம் போக்கில் புதுப்பதிப்பு வெளியிட்டுக்கொண்டிருக்கும். ஒன்றின் புதியது மற்றதன் பழையதோடு முரண்டுபிடிக்கும். இவற்றைப் பொருத்தி, சோதித்து, ஒரே சொடுக்கில் நிறுவக்கூடியதாக்குவதற்கென்றே டெபியன் போன்ற திட்டங்களில் பொதியாளர்கள் இருக்கிறார்கள். 'ஓஎஸ்ஜியோ லைவ்' என்றொரு தொகுப்பு 2008 அளவில் தொடங்கிற்று. ஐம்பது அளவிலான புவியியல் மென்பொருள்களை ஒரே வட்டில், இப்போது யூஎஸ்பி குச்சியில், நிறுவாமலே இயக்கத்தக்கதாக அடுக்கித் தருகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிமுகமும் ஒரு தொடக்கப் பாடமும் கட்டாயம். உலகின் பல மூலைகளில் இருக்கும் ஆட்களுக்கு மின்னஞ்சல் எழுதி எழுதி, "உமது பாடம் இன்னும் வரவில்லை, உமது பதிப்பு இயங்கவில்லை" என்று நச்சரித்து இதைச் செய்து முடிப்பதுதான் ஒருங்கிணைப்பாளரின் வேலை. புகழ் இல்லாத வேலை. பத்திரிகையில் நாளிதழைப் பக்கம் கட்டி, கட்டு கட்டி, விடியுமுன் இரவுத் தபால் ரயிலில் ஏற்றிவிடுகிறவரை எந்த வாசகருக்குத் தெரியும்? முப்பது ஆண்டு செய்தி எழுதிய நான் சொல்கிறேன், அவர் ஒருநாள் வராவிட்டால் என் எழுத்துக்கு மதிப்பு ஒரு சதமும் இல்லை.

நமக்கென்று பொதி கட்டுகிறவர் இல்லாததால் நேர்வது என்ன? ஓர் எடுத்துக்காட்டு. இலங்கையின் பழைய வரைபடங்கள் நீர்கொழும்புக்கு அருகிலுள்ள கந்தவல என்ற நிலையத்தை ஆதாரமாகக் கொண்ட அளவைமுறையில் ஆனவை. 1999 இல் நில அளவைத் திணைக்களம் புதிய முறையைக் கொண்டுவந்தது. கைத்தொலைபேசியின் செய்மதிக் கருவியோ உலகப் பொதுமுறையில் இடம் சொல்கிறது. கந்தவல முறையில் அமைந்த அகலாங்கு நெட்டாங்கை மாற்றாமல் அப்படியே உலகமுறைப் படத்தில் வைத்தால் புள்ளி இருநூறு மீற்றர் வரை தள்ளி விழும். கடற்கரைக் கிராமத்தில் இருநூறு மீற்றர் என்றால் வீடு கடலுக்குள் நிற்கும். 2006 இல் இடம்பெயர்ந்து, பத்தாண்டு முகாமிலும் உறவினர் வீட்டிலும் கழித்து, 2015 க்குப் பின் காணி திரும்பக் கிடைத்த சம்பூர்க் குடும்பத்திடம் போய், "இருநூறு மீற்றர்தானே" என்று சொல்லிப் பாருங்கள். மாற்றும் சூத்திரம் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான பட்டியல்களுக்கிடையே அதைத் தேடி எடுக்க வேண்டும். பொதியைக் கட்டுகிறவர் முன்கூட்டியே தெரிவு செய்து வைத்தால் அலுவலர் பிழைவிட வழியில்லை. அரைமணி நேர வேலை. செய்ய ஆளில்லை.

பெயர்களின் கதை இதனினும் கசப்பானது. 1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே இந்தத் துறைமுகம் ஆங்கிலேயரிடமும் பின்னர் பிரெஞ்சுக்காரரிடமுமாக இருமுறை கைமாறியது. வந்தவர்கள் எல்லாரும் குடாவின் ஆழத்தைக் கவனமாக அளந்தார்கள். கரையில் இருந்த ஊர்களின் பெயர்களைத் தம் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். உலகக் கடற்படைகள் இத்தனை கவனித்த துறைமுகத்தில், கரையோரத்துச் சின்னக் குளங்களும் ஓடைகளும் வயல்வெளிகளும் மக்கள் வாயில் மட்டுமே வாழ்கின்றன. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தில் ஓர் ஊருக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று தனித்தனியே பெயர் எழுதிவைக்க இடமுண்டு. எந்தப் பெயரைத் திரையில் முதலில் காட்டுவது? அதைத் தீர்மானிப்பவர் பொதியைக் கட்டுகிறவர்! தமிழ் இந்த மாகாணத்தின் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. நம் மேடைகளும் ஓயாமல் சொல்கின்றன. ஒரு தெரிவுப் பெட்டியில் சரியென்று குறியிட ஓர் ஆளை அனுப்ப நம்மால் இயலவில்லை.

'கூகுள் இருக்கிறதே' என்பார் உண்டு. கடை தேடவும் கலியாண மண்டபம் தேடவும் அது போதும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். எங்கள் மாவட்டத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தது. (2006 இல் இதே மாவிலாற்றின் மதகு மூடப்பட்டதில் மூண்ட போரை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.) நாட்டின் பல பகுதிகளில் தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. இணையம் இருந்தால்தான் திறக்கும் படம், தண்ணீர் ஏறுகிற இரவில் என்ன பயன்? மேசைக் கணனியில் ஏற்கெனவே இருக்கும் படம், அச்சிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்த படம், அதுதான் அன்றைக்கு உதவும். கைத்தொலைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். அதில் நீங்கள் வெள்ளம் ஏறிய எல்லையை வரைந்து, பக்கத்துப் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க முடியுமா?

தரவே இல்லையென்றும் சொல்லமுடியாது. பக்கத்து மட்டக்களப்பில், மண்முனை வடக்கில், உலக வங்கியின் உதவியுடனும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துடனும் சேர்ந்து 2012, 2013 இல் முப்பதினாயிரம் கட்டடங்களைப் பொது வரைபடத்தில் ஏற்றினார்கள். செய்யமுடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் திட்டங்களுக்கு முடிவுத் தேதி உண்டு. மழைக்கு இல்லை.

புலம்பெயர்ந்த நண்பர்களுக்கும் ஒரு சொல். தமிழ்க் கணிமை என்று மாநாடு கூடி எழுத்துருவையும் விசைப்பலகையையும் கொண்டுவந்தவர்கள் நீங்கள். அந்த நன்றி எனக்கு உண்டு, இதைத் தட்டச்சிடுவதே அதனால்தான். ஆனால் ஒவ்வொரு மாநாட்டிலும் புதிய மென்பொருள் ஒன்றை வெளியிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறீர்கள். சென்ற மாநாட்டில் வெளியிட்டது எந்த ஊர் மேசையில் இயங்குகிறது என்ற அறிக்கையை ஒருமுறையேனும் வாசித்ததுண்டா? வெளியீட்டு விழாச் செய்தியை மூன்று பத்தியில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போன பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன் என்பதால், இந்தக் குற்றச்சாட்டில் என் பங்கைக் கழித்துக்கொள்ளவில்லை.

கேட்பது பெரிதன்று. ஆண்டுக்கொருமுறை, வடகீழ் மழை தொடங்குமுன், ஐப்பசிக்குள், ஒரு பொதி. கியூஜிஐஎஸ், மாவட்டத்தின் தரவு, சரியான அளவைமுறை, தமிழிலும் சிங்களத்திலும் ஊர்ப்பெயர், பத்துப் பக்கத்தில் தமிழ்ப் பாடம். திருகோணமலை மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் பதினொன்று. பதினொரு யூஎஸ்பி குச்சிகள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. கணனி படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே, சம்பளம் வாங்கிக்கொண்டு, ஆண்டு முழுவதும் நச்சரிப்பதையே தொழிலாகச் செய்யும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். தன்னார்வலர் போதாது, தன்னார்வலருக்குத் திருமணம் நடக்கும், கனடா விசா கிடைக்கும்.

கூட்டத்தில் சிரித்த நண்பர் மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். கோபமில்லை என்றார். வெருகலுக்கு எத்தனை மணி நேரப் பயணம் என்று கேட்டார். சொன்னேன். பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேட்டார்.